முதல் முளை

ரெங்கம்மாள் காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, மதுரை பழங்காநத்தத்தில் அவளுக்குச் சொந்தமான லைன் வீட்டின் கடைசி அறையைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நாளைக்கு முன்னால் அந்த அறைக்குக் குடிவந்த பாண்டியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கையில் களைக்கொத்தியைப் பிடித்துச் சுவரோரமாக மண்ணைக் கொத்தி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். வலது தோளில் கட்டுப் போட்டிருந்ததால் அந்தக் கை மடங்கி நெஞ்சோடு கிடந்தது. மேற்கே மேகம் கறுத்து இரண்டு தடவை உறுமிவிட்டது. அடுத்த உறுமலுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவள் தலையைத் தூக்கவே இல்லை. மூன்றாவது பக்கத்தில் ரெங்கம்மாளின் துளசிச் செடி குறுக்கே வந்ததால் அதை மண்ணோடு பெயர்த்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்திருந்தாள்.

"ஏத்தா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? யாருக்கு இங்க குழி வெட்டுற?"

"மழை வருதுக்கா" என்றாள் பாண்டியம்மாள்.

"வந்தா வரட்டும்."

"தண்ணி உள்ள ஏறிரும்ல. வாய்க்கா வெட்டி விட்டா சுத்திக்கிட்டு வெளிய போயிரும்."

ரெங்கம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "தண்ணி ஏறுறதுக்கு இது என்ன கோழிக்கூடா? மூணடி கருங்கல்லு போட்டு எங்க மாமனாரு கட்டுன வீடுத்தா. எத்தனை ஐப்பசி மழை பாத்திருக்கு தெரியுமா? நீ கொத்துறதுதான் இதுக்கு வந்த முதல் ஆபத்து."

பாண்டியம்மாள் அப்போதுதான் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். கருங்கல் அஸ்திவாரம் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, அதன்மேல் செங்கல் சுவர் நின்றது. வாசலுக்கு இரண்டு படி வேறு. இந்தப் படிகளில் நாலு நாளாக ஏறி இறங்கியிருக்கிறாள். இருந்தும் மேகத்தைக் கண்டதும் கை தன்பாட்டுக்குக் களைக்கொத்தியைத் தேடிவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, கையில் செய்கிற வேலையைப் பாதியில் நிறுத்தியது வேதனையாக இருந்தது.

சர்க்கஸ்காரிக்கு மழை என்றால் வாய்க்கால்தான். ஒன்பது வயதில் மதுரைக்கு மேற்கே செக்கானூரணிப் பக்கத்திலிருந்து சித்தப்பா கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து, இந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் வெட்டாத மண் கிடையாது. கம்பெனி எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ஊராகத்தான் இறங்கும். நாக்பூரானாலும் நாகர்கோவிலானாலும் பெரிய கூடாரம் நடுவில். அதன் பின்திரைக்கு இடது பக்கம் குடும்பக் கூடாரங்கள் பதினொன்று வரிசையாக. வலது பக்கம் கலியாணமாகாத பெண்களுக்குத் ஆள் உயரத்துக்கு மேல் தட்டி கட்டி மறைத்த வளைப்பு. அதற்கும் பின்னால் சமையல் கொட்டகை, குதிரைகள், யானைகள். கூலியாட்களுக்குத் தனி இடம் கிடையாது, ஜனங்கள் உட்காருகிற கேலரிப் பலகைக்கு அடியில் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வரிசை ஒரு முழம் மாறாது. ஊர்தான் மாறும், வெளியே கேட்கிற பாஷை மாறும், தண்ணீரின் ருசி மாறும். பாண்டியம்மாளின் கூடாரம் இடது வரிசையில் நாலாவது. பத்தடிக்கு எட்டடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் உள்ளே போய் முன்கம்பத்து ஆணியில் கண்ணாடி, பின்மூலையில் அடுப்பு, டிரங்குப் பெட்டிகளைச் சேர்த்துப் போட்ட கட்டில், கட்டிலின் தலைமாட்டில் தீப்பெட்டி என்று தொட்டுக் காட்டிவிடுவாள். எந்த ஊர் என்று கேட்டால்தான் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கூடாரம் அடிப்பதில் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. கயிறு கட்டுகிற மற்ற முளைகளை ஆட்கள் அடித்துக்கொள்ளலாம். ஈசானி மூலையின் முதல் முளையை மட்டும் அந்தக் கூடாரத்துக் குடும்பம்தான் அடிக்க வேண்டும். புருஷன் மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முளையைப் பிடிப்பான். பெண்டாட்டி கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை ஓங்கி அதன் தலையில் போடுவாள். தப்பினால் போவது அவன் விரல். 'புருஷன் விரல் பத்தும் ஒழுங்கா இருந்தா குடும்பம் ஒழுங்கா இருக்கு' என்று கம்பெனியில் ஒரு சொலவடையே உண்டு. புது ஊரில் முதல் நாள் ஆண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் புருஷன் மருது கூடார மேஸ்திரி. பன்னிரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அவனுடைய இடது கட்டைவிரல் நகம் ஒன்றுதான் கறுத்திருந்தது. அது கும்பகோணத்தில். அன்றைக்கு அவள்தான் அழுதாள், அவன் சிரித்தான்.

மதுரைக்கு வந்து தமுக்கம் மைதானத்தில் இறங்கியபோது அவளால் கொட்டாப்புளியைத் தூக்க முடியவில்லை. அதற்கு முந்தின முகாம் திண்டுக்கல்லில்தான் விழுந்திருந்தாள். பாண்டியம்மாளின் ஆட்டம் சைக்கிள். ஒரே சைக்கிளில் எட்டுப் பெண்கள் ஏறி நிற்க, அவள் மிதித்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி வருவாள். அவளுடைய வலது தோளில் நிற்பவள் சோலையம்மாள், பத்தொன்பது வயது, எல்லோருக்கும் மேலே மூவர்ணக் கொடியை விரிப்பவள். அன்றைக்கு மரத்தூள் ஈரமாக இருந்தது, முன்சக்கரம் வழுக்கியது. ஒன்பது பேரும் சரிந்தார்கள், எட்டுப் பேர் சிராய்ப்போடு எழுந்தார்கள். சோலையம்மாள் விழுந்தது பாண்டியம்மாளின் தோள்மேல். எலும்பு வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, கூடும், ஆனால் இனி பாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். யார்மேலும் குற்றமில்லை. குற்றவாளி இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

"நானே அடிச்சிர்றேன், நீ உக்காரு" என்று மருது ஒரு கையால் முளையைப் பிடித்து மறு கையால் அடித்து முடித்தான். முளை சற்றுச் சாய்ந்து இறங்கியதைப் பாண்டியம்மாள் பார்த்தாள். சொல்லவும் செய்தாள். "போதும், போதும், ஒரு மாசம்தான" என்றான் அவன்.

அந்த ஒரு மாசத்துக்குள் சோலையம்மாளுக்கும் கத்தி வீசுகிற சோணைக்கும் கலியாணம் ஆனது. கம்பெனியே கூடி அழகர்கோவிலில் வைத்துத் தாலி கட்டி, லாரியில் திரும்பும்போது பாண்டியம்மாளும் சேர்ந்து குலவை போட்டாள். புது ஜோடிக்கு ஒரு கூடாரம் வேண்டும். இருப்பதோ பதினொன்று. மானேஜர் ஹாலாஸ்யம் ஐயர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர். பனையோலை விசிறியை விசிறிக்கொண்டே மிகவும் வருத்தப்பட்டார்.

"ரூல்னு ஒண்ணு இருக்கேம்மா. குடும்பக் கூடாரம் ரிங்ல இறங்கறவாளுக்குத்தான். மருது மேஸ்திரியா இருந்தாலும் லேபர்தானே, அவனுக்குக் கேலரிக்கு அடியிலதான் எடம். இத்தனை நாளும் உன் பேர்லதான் அந்தக் கூடாரம் இருந்தது. நீ வேணா பொம்மனாட்டிகள் வளைப்புல இருந்துக்கோ, தையல் வேலை பாரு, யாரு வேண்டாங்கறா? நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

வளைப்புக்குள் ஆண் நிழல் விழக்கூடாது. முப்பத்தைந்து வயதில் குமரிகளோடு படுத்துக்கொண்டு, புருஷனைச் சாப்பாட்டு வரிசையில் தட்டும் கையுமாகப் பார்க்க வேண்டும். அதையும் அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மருது அதற்குள் பழங்காநத்தத்தில் ரெங்கம்மாளைப் பார்த்துப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"உன்னைய அந்தத் தட்டிக்குள்ள தள்ளிட்டு நான் கேலரிக்கடியில எப்பிடிப் படுக்குறது? இது உன் ஊருதான. கல்லுக் கட்டடம், பம்படி பக்கத்துலயே இருக்கு. ராணி மாதிரி இரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா வாரேன்."

"எனக்கு ஏதுய்யா ஊரு?" என்று அவள் கேட்டாள். அவன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டான்.

அந்த நாலு நாளும் அவளுக்குக் கால் தரிக்கவில்லை. அறையில் கம்பம் இல்லாததால் கண்ணாடியை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தரையில் சாய்த்து வைத்தாள். அதில் அவளுடைய பாதம் மட்டும் தெரிந்தது. சுவரில் கை வைத்தால் சுவர் அசையவில்லை. கூடாரத் துணி காற்றுக்கு உப்பி அடங்கும். பக்கத்தில் ஒருவர் படுத்திருப்பதுபோல் இருக்கும். இது செத்த சுவர். காலையில் டிரங்குப் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கினாள், மத்தியானம் எடுத்து வெளியே வைத்தாள், சாயங்காலம் மறுபடி அடுக்கினாள். மூன்று மணி ஆட்டத்துக்கு மணி அடிக்கிற நேரம் வந்தால் கால் சுண்டியது. தெருமுனை வரைக்கும் போய்விட்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டபோது, தேவையில்லாத ஒரு கட்டி சவுக்காரம் வாங்கினாள். நாலு நாளில் ஏழு கட்டி சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், திங்கட்கிழமை விடிந்தால் கம்பெனி திருநெல்வேலிக்குக் கிளம்புகிறது. இன்றைக்கு வெள்ளி. லாரி கிளம்புகிற சத்தம் பழங்காநத்தம் வரை கேட்காது என்பதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

மூன்றாவது இடி விழுந்தது. முதல் தூறல் அவள் வெட்டிய மண்ணில் பொட்டுப் பொட்டாக இறங்கியது. பாண்டியம்மாள் களைக்கொத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"கயிறு!" என்றாள்.

"என்ன கயிறு?" என்றாள் ரெங்கம்மாள்.

"நனைஞ்சா சுருங்கும்க்கா. இளக்கி விடணும். இல்லேன்னா முளையப் பிடுங்கிரும், துணி கிழிஞ்சிரும். அந்தப் புள்ளைக்குத் தெரியாது. வளைப்புக்குள்ள இருந்த புள்ள, அங்கெல்லாம் ஆளுகதான் இளக்கி விடுவாக."

"யாரு வீட்டுக் கயிறுத்தா அது?"

பாண்டியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"குழிய யாரு மூடுறது?"

"வந்து மூடுறேன்க்கா."

"வருவியா?" என்று பின்னாலிருந்து கேட்டது. அவள் திரும்பவில்லை.

பெரியார் நிலையத்தில் பஸ் மாறும்போது மழை பிடித்துக்கொண்டது. வெயிலில் வெந்து கிடந்த ஊர் புகைந்தது. பாலத்தில் மாட்டு வண்டி ஒன்று சாய்ந்து நிற்க, பஸ் நகரவில்லை. கீழே வைகை மணலில் துணி காயப்போட்டிருந்தவர்கள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெரிய கூடாரத்தைக் காப்பாற்ற மருதும் மற்ற ஆட்களும் ஓடியிருப்பார்கள். சோணையும் போயிருப்பான், காற்றடித்தால் ஆண்பிள்ளை எவனும் தன் கூடாரத்தில் நிற்கக்கூடாது என்பது சட்டம். சின்னக் கூடாரங்களைப் பெண்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாண்டியம்மாள் கண்டக்டரிடம் சண்டை போட்டு, பாலத்திலேயே இறங்கி, கோரிப்பாளையம் வரை நனைந்துகொண்டே ஓடினாள். தர்கா வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் 'ஏம்மா, விழுந்துறாத' என்று கத்தினார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் தோள் உள்ளுக்குள் குத்தியது.

தமுக்கத்தில் பெரிய கூடாரம் பெருமூச்சு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. பிரதான கயிறுகளில் பத்துப் பத்துப் பேராகத் தொங்கினார்கள். நடுவில் மருதின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. மணி ஐந்தரை இருக்கும், சாயங்கால ஆட்டத்துக்கு வந்தவர்கள் டிக்கெட் கொட்டகையில் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் பின்திரை ஓரமாகப் புகுந்து, கால் பழகிய கணக்கில் திரும்பி, நாலாவது கூடாரத்தின் முன் நின்றாள்.

பத்துக் கூடாரங்களில் பெண்கள் கயிற்றை இளக்கிக்கொண்டிருந்தார்கள். நாலாவது மட்டும் விம்மிக்கொண்டு நின்றது. கயிறுகள் தொட்டால் அறுந்துவிடும்போல் விறைத்திருந்தன. ஈசானி மூலையில் அந்தச் சாய்ந்த முளை பாதி வெளியே வந்து, காற்று இழுக்கிற ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. விழட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம் உண்மையாகவே தோன்றியது. எனக்கில்லாத கூடாரம் யாருக்கு நின்றால் என்ன. விழுந்து கிழிந்து கம்பெனிக்குப் பத்துக் கூடாரமாகட்டும், ஹாலாஸ்யம் ஐயர் எல்லோரிடமும் விசிறிக்கொண்டே வருத்தப்படட்டும். அப்போது உள்ளேயிருந்து "யாராச்சும் வாங்களேன்!" என்று அழுகைக் குரல் வந்தது.

பாண்டியம்மாள் வாசல் துணியை விலக்கினாள். சோலையம்மாள் முன்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் கலியாண மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. கம்பத்து ஆணியில் இப்போது சோலையம்மாளின் கண்ணாடி தொங்கியது. பெட்டிகள் அதே இடம், அடுப்பு அதே மூலை. வேறு எங்கே வைப்பாள்? வேறு இடமில்லை.

"கம்பத்தைப் பிடிக்காத, அது நிக்கும். நீ கட்டில் மேல ஏறிக் கூரையில தண்ணி தேங்குன இடத்தைக் கம்பால தூக்கி விடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நனைந்த முடிச்சு இரண்டு கைக்கே இளகாது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துப் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள். சணல் நாக்கில் கசந்தது. முதல் கயிறு இளகியதும் துணி ஒரு பக்கம் தளர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. பற்களில் ரத்தம் வந்தது. அவள் சுற்றி வர வர உள்ளே சோலையம்மாளும் துணியோரமாகவே நகர்ந்து பேசிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, நீங்க வந்துட்டீகளாக்கா. நான் கூடாரம் கேக்கவே இல்லக்கா, சத்தியமா. உங்க தோள்மேல விழுந்துட்டு உங்க கூடாரத்துல எப்பிடி இருக்குறதுன்னு அவருகிட்டச் சொல்லி அழுதேன். மருதண்ணன்தான் சொன்னாரு, அக்காவுக்கு இப்பிடி அலைஞ்சது போதும்னு ஆயிருச்சு, கல்லு வீடு வேணும்னு அதுவாக் கேட்டுச்சுன்னு. ஐயர்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஆளுக்கொரு பக்கம் இருந்திருப்போம்க்கா, அடுத்த கூடாரம் வர்ற வரைக்கும்."

பாண்டியம்மாளின் வாயில் கயிறு இருந்தது. அதை விட்டுவிட்டாள். மழை முகத்தில் அடிக்க அப்படியே நின்றாள். அவளாகக் கேட்டாளாம். எந்த ஊரில், எந்த ராத்திரியில், எந்தக் கட்டில்மேல் உட்கார்ந்து கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அவள் வாயிலிருந்து வராத வார்த்தையை அவள் வார்த்தையாகவே கம்பெனி முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான்.

அப்போதுதான் ஈசானி மூலை முளை சளக்கென்று வெளியே வந்தது. கயிறு காற்றில் வீச, கூடாரத்தின் அந்தப் பக்கம் அப்படியே எழும்பியது. பாண்டியம்மாள் பாய்ந்து கயிற்றைப் பிடித்து இடது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் தன் எடையைப் போட்டு உட்கார்ந்தாள். கூடாரம் அவளை ஒரு முழம் இழுத்துக்கொண்டு போனது.

"மருது!" என்று கத்தினாள். புருஷன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பெரிய கூடாரத்துப் பக்கமிருந்து அவன் ஓடி வந்தான். இடுப்பு வேட்டி சேற்றில் நனைந்து, தோளில் கயிறு, கையில் கொட்டாப்புளி. அவளைப் பார்த்ததும் அவன் கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கித் தன் காலுக்கடியில் மிதித்து, முளையைத் தேடி எடுத்து, பழைய குழிக்கு ஒரு சாண் தள்ளி இறுகலான மண்ணாகப் பார்த்து ஊன்றினான். கயிற்றை அதில் மாட்டினான். ஒரு கையால் முளையைப் பிடித்து மறு கையால் கொட்டாப்புளியை ஓங்கினான். முளை சாய்ந்தது. நிமிர்த்தி மறுபடி ஓங்கினான். மறுபடி சாய்ந்தது.

"நான் எப்பய்யா வீடு கேட்டேன்?" என்றாள் பாண்டியம்மாள்.

அவன் கை நின்றது. மழை அவன் புருவத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான், உள்ளேயிருந்து சோலையம்மாள் "அக்கா, தூக்குதுக்கா!" என்று கத்தியதில் அது என்னவென்று தெரியாமல் போயிற்று. அவன் கொட்டாப்புளியை அவள் பக்கமாக நகர்த்தினான். சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முளையைச் சேர்த்துப் பிடித்தான். கறுத்த நகம் மேலே தெரிந்தது.

பாண்டியம்மாள் கொட்டாப்புளியை இடது கையால் எடுத்தாள். ஈரத்தில் அதன் கனம் கூடியிருந்தது.

"இந்தக் கையில நான் அடிச்சதே இல்ல."

"தெரியும்."

"தப்பிரும்யா."

"தப்பட்டும்" என்றான் மருது. "அடி."

அவள் கால்களை அகட்டி நின்றாள். கூடாரம் உப்பி, கயிறு விறைத்து, முளை அவன் கைக்குள் நடுங்கியது. சாயங்கால ஆட்டத்துக்கு முதல் மணி அடித்தது. மருது முளையை விடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் விரல்களைப் பார்த்தபடி கொட்டாப்புளியைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.